பொன்னுத்துரைக்குச் சின்ன ர

முத்துப்பேச்சி கல்யாணமாகி வந்த முப்பத்தெட்டு வருஷத்தில் ‘பொன்’ என்ற சொல்லை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. புருஷன் பெயர் பொன்னுத்துரை. கட்டினவள் புருஷன் பெயரைச் சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்பது அவள் தாய்வழிச் சனம் மொத்தமும் நம்பிய காரியம். அவளுடைய பெரியம்மா மகள் ஒருத்தி, காய்ச்சல் மயக்கத்தில் புருஷன் பெயரைச் சொல்லிப் புலம்பிவிட்டு, தெளிந்த பிறகு மூன்று நாள் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் கிடந்தாள். அப்படிப்பட்ட வகையறா.

ஆகவே பொன் முத்துப்பேச்சிக்கு ‘மஞ்சச் சாமான்’. பொன்னாங்கண்ணி ‘கண்ணுக் கீரை’. துரை என்ற சொல்லும் கிடையாது. சின்ன வயதில் குதிரையில் ஊர் வழியே போன வெள்ளைக்காரனைப் பற்றிச் சொல்லும்போது ‘தொப்பிக்காரன்’ என்பாள். ரேஷன் கார்டு எழுத வந்தவர் புருஷன் பெயரைக் கேட்டதற்கு, கழுத்தில் போடுவது முன்னால் வரும், தொப்பிக்காரனைக் கூப்பிடுவது பின்னால் வரும் என்றாள். அவர் பேனாவை மூடிவிட்டு யோசித்தார். பக்கத்தில் நின்ற நாத்தனார் சின்னக்கண்ணுதான், தன் அண்ணன் பெயரைச் சொல்லி முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

பொன்னுத்துரைக்கும் முத்துப்பேச்சிக்கும் பிள்ளை பிறந்தது இரண்டு, நிலைத்தது ஒன்றுமில்லை. அவளுக்கு அவர், அவருக்கு அவள். இளவயதில் திருவிழா வேட்டு ஒன்று பக்கத்தில் வெடித்து அவருக்கு இடது காது போய்விட்டது. அவள் எப்போதும் அவருடைய வலது பக்கமாகவே நடப்பாள்.

ஊர் ஆலங்கரைப்பட்டி. தாடிக்கொம்புக்கு வடக்கே, குடகனாற்றின் மேல்கரை. பஸ் போகிற ரோடு கீழ்கரையில். நடுவில் பாலம் கிடையாது. மணலில் இறங்கித்தான் ஏற வேண்டும். வருஷத்தில் பத்து மாதம் ஆறு காய்ந்து கிடக்கும். கோடையில் மணலுக்குள் குழி பறித்து வெள்ளரி போடுவார்கள். பொன்னுத்துரையும் போடுவார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் தை மாதம் அந்த ஊருக்கு முதியோர் கல்வி வந்தது. திண்டுக்கல்லிலிருந்து ஆனந்தமேரி டீச்சர் மூன்று மணி பஸ்ஸில் வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வருவார். அம்மன் கோயில் கொட்டகையில் வகுப்பு. ஒன்பது பெண்கள், எல்லோரும் ஐம்பதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். ஊர் ஆண்கள் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, கிழவிகள் கலெக்டர் வேலைக்குப் போகப்போகிறார்கள் என்று பேசினார்கள்.

முத்துப்பேச்சி போனதற்குக் காரணம் வேறு. முந்தின வருஷம் சேவுகம்பட்டியில் அவளுடைய மூத்த அண்ணன் இறந்துபோனார். தகவல் வந்தபோது பொன்னுத்துரை சந்தைக்குப் போயிருந்தார். அவள் தனியாகத் திண்டுக்கல் போய், போர்டு படிக்கத் தெரியாமல், வத்தலக்குண்டு பஸ் என்று பழனி பஸ்ஸில் ஏறி ஒட்டன்சத்திரத்தில் இறங்கினாள். திரும்பி அலைந்து போய்ச் சேர்ந்தபோது எரித்துவிட்டு வந்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்காகத்தான் அந்த வயதில் அ, ஆ.

பங்குனியில் ஒருநாள் டீச்சர் எல்லோரையும் சிலேட்டில் தங்கள் பெயரை எழுதச் சொன்னார். அதன் கீழே ‘க/பெ’ என்று போட்டுக் கணவர் பெயரையும் எழுத வேண்டும். முத்துப்பேச்சி குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். சின்னக்கண்ணு சிரித்தாள்.

“மதினி எங்கண்ணனப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டிச் சாவிய முழுங்கிருச்சு டீச்சர். உங்களால தெறக்க முடியாது.”

சொல்ல வேண்டாம், எழுதினால் போதும், சொல்வது வாய், எழுதுவது கை என்று டீச்சர் எடுத்துச் சொன்னார். முத்துப்பேச்சி வெகுநேரம் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, காதில் எப்படி விழுமோ அப்படியே ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பொன்னுத்துறை.

டீச்சர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பேச்சியம்மா, இது பெரிய ற. இப்படி எழுதுனா ஆத்துத் துறை. உங்க வீட்டுக்காரருக்குச் சின்ன ர.”

சொல்லிக்கொண்டே விரலைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கடைசி எழுத்தை அழித்தார். கண் இமைக்கும் நேரம், சிலேட்டில் பாதிப் பெயர்தான் நின்றது. முத்துப்பேச்சி சிலேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு டீச்சர் அவள் கையைப் பிடித்துச் சின்ன ரை போடவைத்தார். பெயர் முழுசானது. ஆனால் வகுப்பு முடிந்து எல்லோரும் கோவை இலையால் சிலேட்டைத் துடைத்தபோது அவள் துடைக்கவில்லை. புருஷன் பெயரை எந்தப் பெண்டாட்டி தன் கையால் அழிப்பாள்? சிலேட்டை முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். டீச்சர் அவளுக்கு வேறு சிலேட்டு கொடுத்தார்.

பொன்னுத்துரை அதை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் எழுத்து தெரியாது.

“இதுல நான் எங்கன இருக்கேன்?”

அவள் காட்டினாள். தொடப்போன விரலைத் தட்டிவிட்டாள், அழிந்துவிடும் என்று.

“அப்பப் படி. கேப்போம்.”

“நான் மாட்டேன்.”

“கையால எழுதிட்ட, எனக்கு என்ன ஆச்சு? கல்லுமாதிரி இருக்கேன். ஒரே ஒரு வாட்டி உன் வாயால கேட்டுட்டாப் போதும் பேச்சி.”

வெஞ்சனம் கருகுகிறது என்று சொல்லி அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் பிறகு வந்த நாட்களில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மாடக்குழியில் இருந்த சிலேட்டைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

அவளும் பார்த்தாள். காலையில் எழுந்ததும் முதலில் சிலேட்டு முகத்தில்தான் முழிப்பாள், எழுத்து இருக்கிறதா என்று. ஒருநாள் பல்லி ஊர்ந்து ‘ன்’ மேலிருந்த புள்ளி காணாமல் போயிருந்தது. அன்றைக்குப் பார்த்து அவருக்குக் கருவேல முள் ஏறிக் கால் வீங்கியது. அவள் யாரிடமும் சொல்லாமல் புள்ளியைத் திரும்ப வைத்தாள். வீக்கம் வடிந்தது. முள் குத்தினால் வீங்கும், வீங்கினால் வடியும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் அன்று முதல் மாடக்குழிக்கு ஒரு துணித்திரை போட்டாள்.

சித்திரை கடைசியில் டீச்சர் ஒன்பது பேரையும் திண்டுக்கல் டவுனுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். கோயில் குளம் பார்க்க இல்லை, போர்டு படிக்க. புருஷன் துணையில்லாமல் அப்படி ஊர் பார்க்கப் போவது அவர்களில் ஒருத்திக்கும் பழக்கமில்லை. காலையில் ஆற்றைத் தாண்டும்போது பொன்னுத்துரை வெள்ளரிக் குழிகளுக்கு நடுவில் நின்றார். பொழுது சாய்வதற்குள் வந்துவிடச் சொன்னார். ஆற்றிலேயே காத்திருப்பதாகவும், சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

ரயில்வே ஸ்டேஷன் போர்டின் முன்னால் ஒன்பது பெண்களும் வரிசையாக நின்று, தி, ண், டு என்று கூட்டி, கடைசியில் ‘திண்டுக்கல்’ என்று ஒரே குரலில் சொன்னபோது, சுமைகூலிக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். பஸ் நிலையத்தில் வத்தலக்குண்டு போர்டை முத்துப்பேச்சி தானே கண்டுபிடித்தாள். அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைவீதியில் ஒரு நகைக்கடைப் போர்டைக் காட்டி, படிக்க இவள் முறை என்று மற்றவர்கள் முன்னே தள்ளினார்கள். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

“அசல்... மஞ்சச் சாமான் நகைகள் இங்கே கிடைக்கும்.”

டீச்சர் கூடச் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முத்துப்பேச்சியும் சிரித்தாள். அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று சின்னக்கண்ணு பிற்பாடு சொல்லுவாள்.

டீச்சர் வீடு டவுனில். அவர் அங்கேயே நின்றுகொண்டார். திரும்பி வரும் பஸ்ஸில் முத்துப்பேச்சி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மேற்கே மலை இருந்த இடத்தில் மலை இல்லை. கருநீலமாக ஒரு சுவர்தான் நின்றது. சமவெளியில் ஒரு சொட்டு கிடையாது, வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மலையில் நல்ல மழை போலிருக்கிறது என்று யாரோ ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். அவளுக்கு அந்தச் சந்தோஷம் வரவில்லை.

ரோட்டில் இறங்கியதும் மற்றவர்கள் வெற்றிலைக் கடையில் நின்றார்கள். சின்னக்கண்ணுவுக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் வருவாள். முத்துப்பேச்சி நிற்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். காற்று திடீரென்று குளிர்ந்தது. அதில் ஈரமண் வாசம் இருந்தது. ஆற்றுக்கு மேலே கொக்குகள் ஒன்றுகூட உட்காராமல் சுற்றிக்கொண்டிருந்தன. எங்கோ சரளைக்கல் ரோட்டில் பாரவண்டிகள் சேர்ந்தாற்போல் வருவது மாதிரி ஒரு சத்தம். அந்தப் பக்கம் வண்டிப்பாதை கிடையாது.

கரை மேல் ஏறிப் பார்த்தாள். ஆறு உள்ளங்கை போலக் காய்ந்து கிடந்தது. நடுவில் பொன்னுத்துரை அவளுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து வெள்ளரி பறித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வருகிற திசையில் அவருடைய இடது காது.

இந்தாங்க என்று கூப்பிட்டாள். அவர் நிமிரவில்லை. அந்தக் கரையில் சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டுப் பெண்களும் புருஷனைக் கூப்பிடுவது இந்தாங்க, ஏங்க, இப்படித்தான். எத்தனையோ இந்தாங்க அவர் காதோரம் போயிருக்கிறது. கரையேறுங்க, தண்ணி வருது என்று கத்தினாள். காற்று அதை அவளுக்குப் பின்னால் கொண்டுபோனது. அதற்குள் வளைவில், நாணலுக்கு மேலாக, தண்ணீரின் தலை தெரிந்தது. தண்ணீர் மாதிரியே இல்லை. முள்ளும் ஓலையும் நுரையுமாக ஆள் உயரத்துக்கு ஒரு குப்பைமேடு உருண்டு வந்தது.

சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் அவ்வளவு நேரம்கூட இல்லை.

“பொன்னுத்துரை.”

பெற்ற தாய் கூப்பிடுவது போல, முன்னும் பின்னும் ஒன்றுமில்லாமல், வெறும் பெயர். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. அத்தனை நாளும் அடக்கிவைத்த சத்தம் மொத்தமும் அதில் இருந்தது.

அவருக்குக் கேட்டது. நிமிர்ந்தார். திரும்பினார். கையில் ஒரு வெள்ளரிக்காய் இருந்தது. அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். ஓட வேண்டிய மனுஷன் ஓடாமல், கேட்டது நிஜம்தானா என்பது போல அப்படியே நின்றார். அவள் இரண்டு கையாலும் மேல்கரையைக் காட்டி இன்னொரு தடவை அந்தப் பெயரைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது. வலது காதை அவள் பக்கமாகத் திருப்பினார்.

பிறகுதான் காலடியில் மணல் நனைவதைப் பார்த்தார். நாலு எட்டு வைத்திருப்பார்.

சின்னக்கண்ணு நொண்டிக்கொண்டு கரையேறியபோது இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளரிச் சாக்கு ஒன்று சுழன்றுகொண்டு போனது. அவள் மதினியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பொன்னுத்துரையை மறுநாள் காலையில் ஒரு மைல் வடக்கே நாணல் புதரில் கண்டெடுத்தார்கள். இந்தத் தடவை முகத்தைப் பார்க்க முத்துப்பேச்சிக்கு நேரம் தவறவில்லை.

அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மேல்கரையில் மாடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் காதில் விழுந்திருந்தது. காரியம் முடிவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எழுத்துப் படித்து என்ன வந்தது பார் என்றார்கள். மற்ற எட்டுப் பேரில் ஏழு பேர் சிலேட்டைக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தி தன்னுடையதைக் கிணற்றில் எறிந்தாள். தன் புருஷன் பெயரை எழுதி அழித்த சிலேட்டு என்ற பயம்.

ஆனியில்தான் டீச்சர் வந்தார். கொட்டகையில் ஒருவரும் இல்லை. நேரே முத்துப்பேச்சி வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தார். ஆறுதலாக ஒன்றைச் சொல்லிவைத்தார்.

“அவருக்குக் காது மந்தம்னு சொல்வாங்களே பேச்சியம்மா. நீங்க கூப்பிட்டது அவருக்குக் கேட்டே இருக்காது.”

“கேட்டுச்சு டீச்சர். கேட்டதுனாலதான் நின்னாக.”

முத்துப்பேச்சி மாடக்குழித் திரையை விலக்கிச் சிலேட்டை எடுத்துவந்து மடியில் வைத்தாள்.

“அன்னைக்கு முதல்ல நான்தான் ஆத்துத் துறைன்னு எழுதிட்டேன். நீங்க அழிச்சுட்டு மாத்துனீக. நான் எழுதுனது போகலையோன்னு இருக்கு.”

அது வெறும் எழுத்துப்பிழை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டீச்சர் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தார். சிலேட்டைப் பார்த்தார், சொல்லவில்லை. அடுத்த மாதம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. ஆலங்கரைப்பட்டியில் வகுப்பு அதோடு சரி.

முத்துப்பேச்சி மட்டும் படிப்பை விடவில்லை. மளிகை மடித்துவரும் காகிதத்தை நீவிவிட்டுப் படிப்பாள். சேவுகம்பட்டிக்கு அண்ணன் திதிக்குத் தனியாகவே பஸ் பார்த்துப் போய்வந்தாள். கீரைக்காரியிடம் பொன்னாங்கண்ணி என்று கேட்டு வாங்கினாள். முதல் தடவை கேட்டபோது கீரைக்காரி கட்டைக் கொடுக்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறுபத்தாறாம் வருஷம் வாக்காளர் பட்டியல் எழுத ஒருவர் வந்தார். வேர்த்து வழிய ஒவ்வொரு வாசலாக நின்று எழுதிக்கொண்டு வந்தார். பெயர் கேட்டார், சொன்னாள். கணவர் பெயர் கேட்டார். பொன்னுத்துரை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அவர் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குத் திரும்பினார். அவள் எட்டிப் பார்த்தாள்.

“ஐயா, நில்லுங்க. அது பெரிய ற.”

“ரெண்டும் ஒண்ணுதானம்மா.”

“ஒண்ணு இல்லீங்க. நீங்க எழுதியிருக்கது ஆத்துத் துறை. அவுகளுக்குச் சின்ன ர.”

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு பேனாவால் அந்த எழுத்தை அடிக்கப் போனார். அவள் சட்டென்று காகிதத்தின் மேல் கையை வைத்து மூடினாள்.

“அடிக்காதீக. கீழ வேற வரி இருக்குல்ல, அதுல புதுசா எழுதுங்க.”

அவர் முனகிக்கொண்டே அடுத்த வரியில் எழுதினார். எழுத்துக் காயும்வரை அவள் அவரைப் போகவிடவில்லை.