என்னிடம் மட்டும் சொல்லாத சாவு

என் மனைவி சாகப்போகிறாள் என்பது, அவளைப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோன பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நாங்கள் குருநகர் ஆட்கள். அப்பா கடலுக்குப் போனவர். நான் கணிதம் படிப்பிக்கப் போனேன். அவள் வீட்டிலிருந்து சட்டை தைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடினாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

முந்தின வருடம் அவள் வயிற்றிலிருந்து ஒரு கட்டியை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் முழுவதும் எடுத்தாயிற்று என்றார்கள். அன்று முதல் ஒவ்வொரு மாலையும் செபமாலை முடிந்ததும் நான் என் சொந்த வார்த்தைகளில் நன்றி சொல்வேன்.

"ஆண்டவரே, இவளைச் சுகமாக்கி என்னட்டைத் தந்தீர். நன்றி."

பக்கத்தில் முழந்தாளிட்டிருக்கும் அவள் ஆமென் என்பாள்.

அடுத்த தவக்காலத்தில் அவள் மெலிந்துபோனாள். என்ன இது என்று கேட்டேன்.

"ஒருசந்தி இருக்கிறன். உங்களைப்போலை நானும் மூண்டு நேரமும் சாப்பிட்டால் அதென்ன தவக்காலம்?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரங்களில் அவளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போவது அவளுடைய தங்கை. திரும்பி வந்து, எல்லாம் சரியாம் என்பார்கள். உயிர்ப்புப் பெருவிழா கழிந்தும் உடம்பு தேறவில்லை. வெயில் என்றாள், பசியில்லை என்றாள். நம்பினேன். அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

ஆவணியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சில நாட்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, எதிர்பாராத சாவு என்றே நான் விளங்கிக்கொண்டேன்.

அடக்கப் பூசையில், நற்கருணை கொடுக்கும் நேரம், பாடகர் குழு ஒரு பாட்டை எடுத்தது. எங்கள் கோயிலில் யாரும் பாடாத பழைய பாட்டு. அவள் குசினியில் தனியே நிற்கும்போது மட்டும் பாடுவாள். அதை எல்லாரும் ஒரு பிசகில்லாமல் பாடினார்கள். அவளுடைய இரண்டாம் குரலை ஒரு இளம்பெண் பாடினாள். மூச்சு எடுத்த இடங்கள்கூட அவளைப் போலவே இருந்தன. முதலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பிறகுதான் யோசனை ஓடியது. நேற்றுச் செத்தவளுக்கு இதை எப்போது பழகினார்கள்?

சேமக்காலையில் மண் போட்டு முடிந்து ஆட்கள் கலைந்தபோது, பாடகர் குழுவை நடத்தும் பெண்ணிடம் அதைக் கேட்டேன்.

"அக்காதான் சொல்லித் தந்தவ, சேர். ஈஸ்டர் முடிஞ்ச கையோடை பழக்கத் தொடங்கினவ. தன்ரை அடக்கத்துக்கு இதுதான் பாடவேணுமெண்டு..." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நாங்கள் நினைச்சது, சேர்."

வீட்டில் மச்சாள், அதுதான் அவளுடைய தங்கை, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உமக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

அவள் கேத்திலைக் கீழே வைத்தாள். எதைக் கேட்கிறேன் என்று விசாரிக்கவில்லை.

"தவக்காலத்துக்கு முதலே, அத்தான். ஈரலுக்குப் பரவீட்டுது. இனி ஒண்டும் செய்யேலாதெண்டு சொல்லிப்போட்டினம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"அக்கா சத்தியம் வாங்கிப்போட்டா. 'அவர் நன்றி சொல்லேக்கை அவரின்ரை முகத்தைப் பார், அதை நான் எப்பிடிப் பறிக்கிறது? எங்களிலை ஒராளாவது நிம்மதியாய் இருக்கட்டும்' எண்டவ."

அந்த நிம்மதி எனக்கு வேண்டாம். அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. பயமா என்று கேட்டிருப்பேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்திருப்பேன். அழுதிருப்போம். தன் சாவை ஒரு பாடகர் குழுவோடு பகிர்ந்துகொண்டவள் என்னோடு பகிரவில்லை. சுகத்துக்காக நான் சொன்ன நன்றிக்கு, சாகப்போவது தெரிந்துகொண்டே ஆமென் சொன்னாள்.

பங்குத்தந்தை வீட்டுக்கு வந்தார்.

"கடவுள் அவவை அளவில்லாமல் நேசிச்சவர். நோவில்லாத இடத்துக்கு எடுத்திருக்கிறார்."

"பாதருக்கும் தெரியுமோ?"

அவர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம். நோயில் பூசுதல் குடுத்தனான்." கடும் நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் சடங்கு அது.

"அவவை நேசிச்சவர் எண்டுறியள். என்னை?"

அவர் நேர்மையான மனிதர். எதையாவது சொல்லித் தப்பப் பார்க்கவில்லை. "எனக்கு உதுக்கு மறுமொழி தெரியேல்லை. அவரிட்டையே கேளுங்கோ" என்றார்.

கேட்டேன். ஆண்டவருக்கும்தானே தெரிந்திருந்தது? அத்தனை மாலைகளும் நான் அவருக்கு முன்னால் முழந்தாளிட்டு, அவர் தராத ஒன்றுக்கு நன்றி சொன்னேன். ஒரு கனவில், ஒரு சகுனத்தில், யாரோ ஒருவருடைய வாய்தவறிய சொல்லில், எனக்கு நன்றி சொல்லாதே என்று அவர் தெரிவித்திருக்கலாம். கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்.

மோட்சத்தில் அவளைச் சந்திப்பாய் என்று ஆறுதல் சொன்னவர்கள் பலர். அதை நான் விசுவசிக்கிறேன். ஆனால் அவர்கள் நினைப்பதுபோல ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கிற சந்திப்பாக அது எனக்குத் தெரியவில்லை. அவளை உட்காரவைத்து, ஏன் என்று கேட்க வேண்டும். கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் இடத்தில் அப்படியொரு சண்டைக்கு அனுமதி உண்டா என்று தெரியாது. இல்லையென்றால் நான் அங்கே போய் என்ன செய்வது?

கார்த்திகையில், மரித்த விசுவாசிகளின் நாளில், சேமக்காலைக்குப் போனேன். மாரி மழை தொடங்கியிருந்தது. மச்சாள் எனக்கு முன்னமே வந்து, கொளுத்திய மெழுகுதிரியைக் குடைக்குள் வைத்துக் காத்துக்கொண்டு நின்றாள். செத்தவீட்டுக்குப் பிறகு நான் அவளோடு கதைக்கவில்லை. மழை வலுத்தபோது குடையை என் பக்கம் சரித்தாள். அதன் கீழே போய் நின்றேன்.

"இன்னும் கோவமோ, அத்தான்?"

"ஓம்."

"என்னோடையோ, அக்காவோடையோ?"

"மூண்டு பேரோடையும்" என்றேன்.

மூன்றாவது ஆள் யாரென்று அவள் கேட்கவில்லை. பாதர் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வந்தார். அவர் தெளித்த தீர்த்தத்தில் கொஞ்சம் என் சட்டையிலும் பட்டது. நான் விலகி நிற்கவில்லை.