மாற்றித் தாமசிப்பிக்கும்

நேற்றுக் காலை எங்கள் சந்துக்குள் ஓர் ஆட்டோ மைக் கட்டிக்கொண்டு வந்தது. குழாய் வேலை நடக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் வராது என்று ஒரு பெண் குரல், பதிவுசெய்தது, நடுவில் ஓர் இருமல்கூட இல்லாமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கையைத் தண்ணீருக்குள் அப்படியே வைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டேன். மைக் வண்டி வந்தால் ஒரு வார்த்தை விடாமல் கேட்க வேண்டும் என்பதை ஒரு மனிதர் எனக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் ஆத்மா சாந்தியடையட்டும் என்று எழுதத்தான் பார்க்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது.

எழுபதுகளில் திருவனந்தபுரத்தில் ஊர்த்திட்டம் போடுகிற ஓர் அலுவலகத்தில் நான் டிரேசர். பெரியவர்கள் பென்சிலில் போட்ட வரைபடத்தின்மேல் டிரேசிங் துணியை விரித்து மையால் நகல் எடுக்கிற வேலை. பக்கத்து அறையில் அச்செடுக்கும் இயந்திரத்திலிருந்து அம்மோனியா நெடி வந்து கண்ணைக் கரிக்கும். இன்றைக்கும் யாராவது கழிவறை கழுவினால் எனக்கு அந்த ஆபீஸ்தான் ஞாபகத்துக்கு வருகிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. கழித்துப்போட்ட டிரேசிங் துணியை ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கினால் மல்லுத்துணி மாதிரி மெத்தென்று ஆகிவிடும். நாங்கள் பெண்கள் அதைப் பங்குபோட்டுக் கைக்குட்டை தைத்துக்கொள்வோம். எத்தனையோ ஊர்களின் சாலைகளில் நான் மூக்குச் சிந்தியிருக்கிறேன்.

எங்கள் அதிகாரியைப் பெரிய சார் என்போம். நான் பிறந்து வளர்ந்தது அந்த ஊரிலேயே, ஆரியசாலையில், மல்லி மிளகாய் மண்டிகளுக்கு நடுவே. பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். ஆனாலும் வீட்டில் தமிழ் பேசுகிற நான் அவருக்குப் பாண்டிக்காரிதான். நான் பேசுகிற மலையாளத்தை என் எதிரிலேயே பேசிக் காட்டிச் சிரிப்பார், ஆபீஸும் சிரிக்கும், வேறு வழியில்லாமல் நானும் சிரிப்பேன். தமிழ் என்று தனியாக ஒரு பாஷையே கிடையாது என்பது அவர் கண்டுபிடிப்பு. “மலையாளம் கொறச்சு வளச்சா தமிழாயி, அத்ரயேயுள்ளு” என்பார், கொஞ்சம் வளைத்தால் தமிழ், அவ்வளவுதானாம். வளைத்தும் காட்டுவார்.

தெற்கே ஒரு கடலோரச் சிறுநகரத்துக்குப் போக்குவரத்துத் திட்டம் போடும் வேலை எங்களுக்கு வந்தது. பெயர் வேண்டாம், துறை என்றே சொல்கிறேன், அங்கே உள்ளவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். எந்தத் தெருவில் எத்தனை வண்டி போகிறது என்று ஆளை உட்கார வைத்து எண்ணினார்கள். பஸ்ஸுக்கு ஒரு கட்டம், லாரிக்கு ஒரு கட்டம், மாட்டுவண்டிக்கும் ஒரு கட்டம் இருந்தது. மீன்கூடை சுமந்து ஓட்டமும் நடையுமாகப் போகிற பெண்களுக்குக் கட்டம் இல்லை. அவர்களை எங்கே போடுவது என்று நான் கேட்டேன். இனி மீனையும் எண்ணச் சொல்வாயா என்றார் சார். ஆபீஸ் சிரித்தது.

சந்தைக்குப் பின்னால் ஒரு தெரு, பாண்டித்தெரு என்பார்கள். உப்புமீன் கட்டவும் ஓட்டலில் மாவாட்டவும் கட்டட வேலைக்கும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அங்கே வரிசையாகக் குடியிருந்தார்கள். என் சித்தி, அம்மாவின் தங்கை, அந்தத் தெருமுனையில் இடியாப்பக் கடை வைத்திருந்தாள். பெண்பிள்ளைக்குப் படம் வரைகிற படிப்பு எதற்கு என்று அப்பா சொன்னபோது, எங்கள் வீட்டு நடையில் வந்து உட்கார்ந்து, அவர் சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்காமல் இருந்தவள் அவள். நான் டிரேசர் ஆனது சித்தியின் பிடிவாதத்தால்தான்.

புதிய பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு இடம் பார்த்தார்கள். ஒன்று மேட்டில் சும்மா கிடந்த தென்னந்தோப்பு, மற்றது சித்தியின் தெரு. தோப்புக்காரருக்குப் பெரிய சாரிடம் பழக்கம் என்பதை இதற்குமேல் விளக்க வேண்டாம் அல்லவா? நான் சித்தியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். வரைவுத் திட்டம் வந்ததும் மைக்கில் அறிவிப்பார்கள், அன்றே தெருவோடு திரண்டு போய் ஆட்சேபம் கொடுங்கள், அதற்கு முன்னால் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று. சித்தி தெருவையே தயாராக வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து எனக்கு அம்மை போட்டது. வேப்பிலைக்கு நடுவில் நான் கிடக்க, துறையில் மைக் வண்டி போயிருக்கிறது. முதலில் மலையாளத்தில் சட்ட பாஷையில் வாசித்தார்களாம். கரகரப்பில் யாருக்கும் விளங்கவில்லை, தமிழில் சொல்லப்போகிறார்கள் என்று காத்திருந்திருக்கிறார்கள். தமிழ் வாசகத்தை எழுத வழக்கமாக என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் இல்லையே. பெரிய சாரே மைக்கை வாங்கிக்கொண்டார்.

தலைக்குத் தண்ணீர் விட்டபின் சித்தி என்னைப் பார்க்க வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மடியிலிருந்து மட்டிப்பழத்தை எடுத்து வைத்தாள்.

“ஏட்டி, தள்ளி வச்சாச்சாம்லா. ஒங்க சாரே வந்து தமிழ்ல சொல்லிட்டுப் போனாவ.”

சரியாக என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“எல்லா வீட்டையும் மாற்றித் தாமசிப்பிக்கும்னாவ. திட்டத்த மாத்தியாச்சு, இப்போதைக்கு இல்லன்னுதான? தாமசம்னா நமக்குத் தெரியாதா?”

கையிலெடுத்த பழத்தைக் கீழே வைத்தேன். தாமசம் என்றால் தமிழில் தாமதம், அவ்வளவுதான். மலையாளத்தில் அதற்குத் தாமதம் என்றும் பொருள் உண்டு, குடியிருப்பு என்றும் பொருள் உண்டு. மாற்றித் தாமசிப்பிக்கும் என்று அவர் சொன்னது, உங்களை எல்லாம் இங்கிருந்து கிளப்பி வேறு இடத்தில் குடிவைப்போம் என்பதை. வளைத்திருக்கிறார். தெரு முழுக்கச் சந்தோஷப்பட்டு, தெருவில் இருந்த அம்மன் கோவிலில் பாயசம்கூட வைத்திருக்கிறார்கள். ஆட்சேபத்துக்கான கெடு அதற்குள் முடிந்து போயிருந்தது.

அன்றே ஆபீசுக்கு ஓடினேன். அம்மைப் புண் ஆறாத முகத்தோடு நின்று, அவர்களுக்குத் தப்பாக விளங்கியிருக்கிறது, இன்னொரு முறை அறிவிக்க வேண்டும் என்றேன். அவர் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ஞான் தமிழில் தன்னெயல்லே பறஞ்ஞது?” தமிழில்தானே சொன்னேன் என்கிறார்.

ஆபீஸ் சிரித்தது. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

துறையின் நகரசபையில் திட்டம் நிறைவேறியது. ஆட்சேபம் ஒன்றும் இல்லை என்று வாசித்தார்கள், எல்லாரும் கையைத் தூக்கினார்கள், பழம்பொரியும் சாயாவும் வந்தன. நிறைவேறிய திட்டத்தின் நகலை எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இடிக்கப்படும் வீடுகளை விட்டுவிட்டுக் கோடு போட வேண்டும். சித்தியின் கடை வந்த இடத்தில் மை பரவிவிட்டது. பிளேடால் சுரண்டி மறுபடி போட்டேன்.

அவர்களை உப்பங்கழிக்கு அப்பால் மணல்வெளியில் குடிவைத்தார்கள். பஸ் கிடையாது. இடியாப்பத்துக்கு ஆளும் கிடையாது. நான் போனபோது சித்தி வாசலுக்கு வந்து நின்றாள், உள்ளே கூப்பிடவில்லை. “நீயும் அந்த ஆபீஸ்லதானட்டி இருக்க” என்றாள். அவ்வளவுதான். அம்மை போட்டுக் கிடந்தேன் சித்தி என்று சொல்லியிருக்கலாம், திரும்பி நடந்தேன். சீக்கிரமே அவள் ஊரோடு போய்விட்டாள், கடைசிவரை என்னோடு பேசவில்லை.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அந்த மனிதருக்குக் குட் மார்னிங் சொன்னேன். பொறுமைசாலி என்று பெயர் வாங்கினேன்.

அவர் ஓய்வு பெற்றார். நான் மெல்ல மேலே வந்து, எண்பதுகளில் ஆட்சேபங்களை வாங்கும் மேஜைக்கு வந்து சேர்ந்திருந்தேன். நகரத்தில் ஒரு சாலையை அகலப்படுத்தும் திட்டம் போட்டார்கள். சாலையோரம் அவர் வீடு, முன்னறை, பலாமரம், மதில் எல்லாம் கோட்டுக்குள் வந்தன. கோடு போட்டது நானில்லை, சத்தியமாக. ஆனால் பார்த்தபோது வயிறு குளிர்ந்தது.

ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு வந்து என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்தார். மகள் கல்யாணம் வருகிறது, அதுவரை வேலையைத் தள்ளிப்போட வேண்டும் என்பது விஷயம். எழுதிக் கொடுக்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. தான் வளர்த்த பிள்ளை நான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“கொறச்சு தாமசிப்பிக்கணும், கேட்டோ.”

இத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை தானாக நடந்து என் மேஜைக்கு வந்திருக்கிறது. நான் பணிவாக எழுந்து நின்றேன்.

“தாமசிப்பிக்காம், சார்.”

நிம்மதியாகப் போனார். ஆட்சேபம் எழுதித் தரவில்லை. கெடு முடிந்தது. மதிலை இடிக்க ஆள் வந்த அன்று வியர்த்து வடிய ஓடி வந்தார், தாமசிப்பிக்கிறேன் என்று நீதானே சொன்னாய் என்று மலையாளத்தில் கத்தினார். ஆமாம் சார், மாற்றித் தாமசிப்பிக்கத்தானே கேட்டீர்கள் என்று சொல்லி, ஒரு வாடகை வீட்டின் விலாசத்தை எடுத்து நீட்டினேன். நிஜமாகவே விசாரித்து வைத்திருந்தேன். அவர் முகத்தில் அந்த வார்த்தை மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவமாக இல்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றைக்கு வந்து உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்வேன். சித்தியிடம் போய்ச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் குறை, அதற்குள் அவள் ஊரிலேயே இறந்துபோயிருந்தாள்.

போன மாதம் துறைக்குப் போயிருந்தேன். பைபாஸ் வந்ததும் பஸ் ஸ்டாண்டை அங்கே மாற்றிவிட்டார்கள், எந்தத் தோப்பு தப்பித்ததோ அதற்கே. சித்தியின் தெரு இருந்த இடத்தில் வெறும் பொட்டல், ஓரத்தில் பழைய இரும்பு வியாபாரம். பாண்டித்தெரு என்று கூவி ஆள் இறக்கிய கண்டக்டர்கள் இல்லை, அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே யாருக்கும் தெரியவில்லை. மீன்கூடைப் பெண்கள் ஆட்டோவில் போகிறார்கள். ஸ்டாண்டைத் திறந்தபோது வைத்த கருங்கல் பலகை இரண்டாக உடைந்து ஓடையை மூடக் கிடந்தது. அடிவரியில் பெரிய சாரின் பெயர், பாதி தேய்ந்து.

திரும்பும் பஸ் அந்த வழியாகத்தான் வரும் என்றார்கள், அங்கேயே நின்றேன். செருப்போடு அந்தக் கல்லின்மேல் ஏறி நின்றேன். பஸ் வர ரொம்பத் தாமசமாயிற்று. எனக்கு ஓர் அவசரமும் இல்லை.