பீரங்கிக்காரனுக்கு அனுமதி கொடுத்தவள்

எங்கள் பிரிவில் அவளுக்கு ரிட்டர்ன் அக்கா என்று பெயர். என்னைவிட இரண்டு வயது சின்னவள்தான். ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அந்த முகத்தைப் பார்த்து வேறு எப்படியும் கூப்பிட வராது. வெளியுறவு அமைச்சகத்தின் பின்கட்டில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி, யாத்திரை அனுமதிப் பிரிவு. பத்தொன்பது வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து அந்த ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டோம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களும் நாங்களும் கும்பிடுவது ஒரே கடவுளை, பேசுவது ஒரே மொழியை. அதற்காகச் சண்டை என்ன நின்றுவிட்டதா? முப்பத்தெட்டு வருஷமாக நடக்கிறது. நடுவில் ஏதோ ஒரு ஒப்பந்தத்தில் எங்கள் மலைத்தலத்துக்கு அவர்கள் ஆட்கள் வருஷத்துக்கு முந்நூறு பேர் வரலாம் என்று எழுதிவிட்டார்கள். அந்த முந்நூறு பேரைத் தேர்ந்தெடுப்பது எங்கள் வேலை. தேர்ந்தெடுக்காமல் விடுவது அவள் வேலை. போட்டோவில் காது தெரியவில்லை, ரிட்டர்ன். கையெழுத்து கட்டத்தைத் தாண்டிவிட்டது, ரிட்டர்ன். ஒரு பெரியவருடைய விண்ணப்பத்தை ஆறு வருஷம் திருப்பினாள். ஏழாவது வருஷம் அது வரவில்லை. "போய்ச் சேர்ந்துட்டான் போல" என்று டீயை உறிஞ்சினாள். நான் தடுத்தேனா? இல்லை. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன். என் அண்ணன் வீட்டுக் கூரையைப் பெயர்த்ததும் அவர்கள் குண்டுதான்.

அவளுக்கு ஒரே தம்பி. இருபத்தாறு வயது, வயரிங் வேலை. தலத்து வாசலில் ஏணி மேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து குண்டு வந்து விழுந்தது. அன்று மாலை எங்கள் அமைச்சகம் 'ஆழ்ந்த கவலை' தெரிவித்தது. அவர்கள் அமைச்சகம் 'ஆழ்ந்த வருத்தம்' தெரிவித்தது. ஆறு மாதம் கழித்துக் கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். எங்கே கொடுத்தார்கள் பாருங்கள், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அனுமதி எழுதும் பிரிவில். எந்த மகராசனுக்கு அந்த யோசனை தோன்றியதோ தெரியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விண்ணப்பம் வந்தது. முன்னாள் பணி என்ற கட்டத்தில் 'பீரங்கிப் படை' என்று இருந்தது. கூடவே ஒரு கடிதம். 'இந்தத் தேதியில் தல வாசலில் விழுந்த குண்டு என் பீரங்கியிலிருந்து போனது. அங்கே ஒருவர் இறந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சாவதற்குள் அங்கே வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.' தேதியைப் படித்ததும் அவள் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் அதன் மேல் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ராணுவத்தில் இருந்தவன் என்றால் விதிப்படியே நிராகரிப்பு. அவள் சும்மா இருந்தாலே போதும். ஆனால் மூன்றாம் நாள் இரண்டு பக்கத்துக்குப் பரிந்துரை எழுதினாள், அவனுக்கு விலக்கு அளிக்க வேண்டும் என்று.

"என்னக்கா, மண்டை கிண்டை குழம்பிருச்சா?" என்றேன்.

"சார், செத்தவனுக்காக மன்னிக்கிற உரிமை யாருக்குன்னு நம்ம வேதத்துல இருக்கு?"

"ரத்த உறவுக்கு. கடவுளே அதுல தலையிட மாட்டார்னு இருக்கு."

"அவனும் அதே வேதத்தைத்தான் படிக்கிறான். அங்கேயே கிடந்து செத்தான்னா, யாரோ எங்கேயோ மன்னிச்சிருப்பாங்கன்னு நினைச்சுக்கிட்டே செத்துருவான். வரட்டும். என் மூஞ்சியைப் பாத்துக் கேக்கட்டும். மாட்டேன்னு சொல்லணும் சார். அதைக் காதுல வாங்கிக்கிட்டு அவன் திரும்பிப் போகணும்."

நியாயம் என்றுதான் எனக்குப் பட்டது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் படுகிறது.

அது பேச்சுவார்த்தை தொடங்கிய மாதம். துணைச் செயலர் கோப்பைப் பார்த்தார், வாயெல்லாம் பல்லாகிவிட்டது. "இதைத்தான்யா தேடிக்கிட்டிருந்தேன்" என்று கையெழுத்துப் போட்டார். அவர் தேடியது எது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

அவன் வந்த அன்று இருவரும் லீவு போட்டுவிட்டுத் தலத்துக்குப் போனோம். காலை பத்து மணி. ராட்சசனை எதிர்பார்த்துப் போன எனக்குப் பெரிய ஏமாற்றம். முழங்கால் மடங்காத, தோள் சரிந்த ஒரு கிழவன். உள்ளே போய் நெடுநேரம் விழுந்து கிடந்துவிட்டு வெளியே வந்தான். எங்களை யாரோ பக்தர்கள் என்று நினைத்துக்கொண்டு சிரித்தான். "மனசு லேசாயிருச்சும்மா. மன்னிப்புக் கிடைச்ச மாதிரி இருக்கு" என்றான்.

"யாரு குடுத்தா?" என்றாள் அவள். "நான் இன்னும் குடுக்கலையே."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே சரிந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மாட்டேன். இன்னைக்கும் மாட்டேன், நீ சாகும்போதும் மாட்டேன். இதைச் சொல்றதுக்குத்தான் உன்னை வரவழைச்சேன்."

"அவர் பேரையாவது சொல்லுங்கம்மா."

"எதுக்கு? அவனுக்காக வேண்டிக்கிட்டு நீ நிம்மதி தேடிக்கவா? அதுவும் உனக்குக் கிடையாது."

குனிந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் துணைச் செயலர் அனுப்பியிருந்த போட்டோக்காரன் படம் எடுத்துவிட்டான். மறுநாள் பேப்பரில் முதல் பக்கம். காலில் விழுந்தவனை அவள் குனிந்து தூக்குகிற மாதிரியே இருந்தது. 'தம்பியைக் கொன்றவரை மன்னித்த தமக்கை.' இரண்டு அமைச்சகங்களும் ஒரே வாசகத்தில் வரவேற்பு தெரிவித்தன. துணைச் செயலர் அறைக்குப் போய் அவள் கத்திய கத்தல் மூன்று மாடிக்குக் கேட்டது. "நாட்டுக்காக இதைக்கூடப் பொறுத்துக்க மாட்டியாம்மா?" என்றாராம் அந்த மனிதர்.

அதையும் அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் வீட்டில் அம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பேப்பர் படிக்கிறவர். மறுநாள் வந்து என்னிடம் சொன்னாள்.

"நல்ல காரியம் பண்ணினேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க சார். ரொம்ப வருஷமா அவங்களுக்கும் மன்னிக்கணும்னு இருந்துச்சாம். என் கோவத்துக்குப் பயந்து வாயைத் திறக்கலையாம். அம்மா, பேப்பர்ல பொய், நான் மன்னிக்கலன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"'அப்ப நான் மன்னிக்கிறேன். பெத்தவ நானு, உன்னைவிட எனக்குத்தான் உரிமை ஜாஸ்தி'ன்னு சொல்லி அவனுக்கு லெட்டர் எழுதிக் குடுத்துட்டாங்க."

இரு நாட்டுக்கும் நடுவே தபால் கிடையாது. கடிதங்கள் எங்கள் பிரிவின் அதிகாரப்பூர்வப் பையில்தான் போக வேண்டும். பையைக் கட்டி முத்திரை வைப்பதும் அவள்தான். அம்மாவின் கடிதத்தை அவள் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள். நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். வீட்டில், அனுப்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

நான்கு மாதம் அந்த அம்மா தினமும் கேட்ட கேள்வி ஒன்றுதான், பதில் வந்ததா? படுத்த படுக்கையாகிவிட்டார்கள். சாப்பாடு இறங்கவில்லை. "என் மன்னிப்பு அவனுக்குப் பத்தலையோ என்னவோ" என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார்கள். "இப்பவாவது அந்த லெட்டரை அனுப்பிடுக்கா" என்றேன். "செத்தாலும் மாட்டேன்" என்றாள்.

மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தாள்.

"என் எழுத்து அம்மாவுக்குத் தெரியும். நீங்க எழுதுங்க. அவன் எழுதின மாதிரி."

நான் பேனாவை எடுத்தேன்.

"தாயே, உங்கள் கடிதம் கிடைத்தது." நிறுத்தினாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "உங்கள் மன்னிப்பு கிடைத்த பிறகுதான்..."

அதுவரைக்கும் எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"உங்கள் மன்னிப்பு கிடைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது." "அவன் தூங்கக் கூடாதுன்னுதான் சார் இவ்வளவும் பண்ணினேன்."

"வேற ஏதாவது எழுதட்டுமா?"

"வேற எதை எழுதினாலும் அம்மாவுக்கு மனசு ஆறாது. நிம்மதியா இருக்கேன்னும் எழுதுங்க."

எழுதினேன். கீழே அவன் பெயரை எழுதச் சொன்னாள்.