பழைய பைபிளும் ஸ்டோர் முத்திரையும்

சேதுபதி எங்கள் துபாய் கேம்ப்பின் ஸ்டோர்கீப்பர். ராமநாதபுரத்துக்காரன். ரூமில் என் பற்பசையை நானே திருடுகிறேனோ என்றுகூடச் சந்தேகப்படுவான். சும்மா சொல்லக் கூடாது, முந்தின வருஷம் பழைய டிராயிங்கைப் பார்த்துச் சுவர் கட்டி, அதை இடித்து, நாலு பேருக்கு வேலை போயிருந்தது. அதிலிருந்து புது டிராயிங் வந்தால் பழையதில் ‘கேன்சல்’ முத்திரை குத்துவது அவன் பொறுப்பு.

1975. இத்தாலிக்கார போர்மேன் ப்ரூனோவின் அம்மா இறந்து இருபது நாள். லீவு கிடைக்கவில்லை. அம்மா வைத்திருந்த பைபிளையாவது அனுப்பு என்று மனைவிக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தார். பார்சல் வந்தது. கேம்ப்புக்கு வரும் பார்சலையெல்லாம் சேதுபதிதான் பிரிப்பான். உள்ளே இரண்டு பைபிள், இரண்டும் இத்தாலிய மொழி.

“ஒரு ஆத்தா செத்ததுக்கு எதுக்குய்யா ரெண்டு?” என்றான்.

“ஒனக்கென்ன? கொண்டுபோய்க் குடு” என்றேன். டைப் அடிக்கிற வேலை எனக்குத் தலைக்கு மேல் இருந்தது.

அவன் கொடுக்கவில்லை. இரண்டையும் விரித்து வைத்து வரிவரியாக ஒப்பிட்டான். அதிகார எண் ஒன்றுதான், வார்த்தைகள் வேறு. பழையதில் ஏழு பகுதிகளே இல்லை. ஒன்றில் 1891, மற்றதில் 1974. பழையதின் முதல் தாளில் வரிசையாகப் பெயர்களும் தேதிகளும். யார் யாரோ வாங்கிப் போன கணக்கு, ஒருத்தரும் திருப்பித் தரவில்லை என்று முடிவு கட்டினான். புதுசு வந்துவிட்டது, இனி பழசு செல்லாது என்று அடியில் இருந்த காலி இடத்தில் ‘கேன்சல்’ முத்திரையை நச்சென்று குத்தினான்.

சாயங்காலம் ப்ரூனோ வந்து பழைய பைபிளின் முதல் தாளைத் திருப்பினார். முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அரைகுறை இந்தியில் சொன்னார். அவர் அம்மா மலைப்பக்கத்துச் சிறுபான்மைச் சபை, கத்தோலிக்கர் இல்லை. சொந்த மொழியில் பைபிள் படிக்க இத்தாலியில் தடை இருந்த காலத்தில், ஜெனீவாவில் இருந்துகொண்டு ஒருவர் மொழிபெயர்த்தது இந்தப் பழையது. அந்தக் கால முன்னோர்கள் அதை ஒளித்து வைத்துப் படித்திருக்கிறார்கள். புதியது பிஷப்புகள் போன வருஷம் வெளியிட்டது, கத்தோலிக்க மனைவியின் அன்பளிப்பு.

“அப்ப இந்தப் பேரெல்லாம், சார்?” என்றான் சேதுபதி.

“எங்க குடும்பம். பிறந்த நாள், இறந்த நாள். அம்மாவுக்கு எழுத அந்த இடம்தான் பாக்கி.”

பேனாவை எடுத்து, முத்திரையின் மேலேயே அம்மாவின் பெயரை எழுதினார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும் என்று எனக்குப் பட்டது.

அவர் போனதும் சேதுபதி சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதான்.

“அவுக ஆத்தாளையே கேன்சல் பண்ணிட்டேனேய்யா” என்றான்.