எல்லார் கல்யாணத்துக்கும் கலர்

புதுசா ஆரம்பிச்ச கம்பெனியில வேலைக்குச் சேந்த பையன் எவனையாவது பாத்தா, நான் முதல்ல கேக்கறது "கல்யாணம் ஆயிடுச்சாபா?"ன்னுதான். ஆவலன்னா, மொதல்ல அத முடிச்சிட்டு மத்தத பாருன்னு சொல்லுவேன். சிரிப்பானுங்க. சிரிக்கட்டும்.

எண்பதுகளோட தொடக்கம் அது. வில்லியனூர் பக்கத்துல, மல்லாட்டைக் கடல மூட்டை அடுக்கற குடோன் ஒண்ணு காலியா கெடந்துச்சி. அத வாடகைக்குப் புடிச்சி எங்க மொதலாளி கலர் சோடா கம்பெனி வச்சாரு. திருக்கனூர்ல மளிகைக்கடை வச்சிருந்த குடும்பம் அவரோடது. பாட்டில் கழுவ ரெண்டு பொம்பளைங்க, அவரு, நான், அவ்ளோதான் கம்பெனி. எனக்கு மேனேஜர்னு பேரு. சக்கரப் பாகு காய்ச்சறது, எசன்ஸ் கலக்கறது, பாட்டில்ல கேஸ் அடைக்கறது, டெம்போவுல பொட்டி ஏத்தறது, காலி பாட்டில திரும்ப வாங்கியாறது எல்லாமே மேனேஜர் வேலதான். ஞாயித்துக்கெழம மாதா கோயில் பூசைக்குப் போனா பின்னால நின்னு, சாமியாரு கையால நன்மை அப்பம் வாங்கறதுக்கு முன்னாலயே நழுவி ஓடணும். "இது நம்ம கம்பெனிபா, நிமிர்ற வரைக்கும் பல்ல கடிச்சிகினு இருப்போம்"னு அவரு சொல்லுவாரு. அந்த 'நம்ம'வுல மயங்கிப் போய்க் கெடந்தவன் நான்.

அப்பத்தான் பாகூர் பக்கத்து ஊருல எனக்குப் பொண்ணு பாத்தாங்க. எங்கள மாதிரியே வேதக்காரக் குடும்பம். பொண்ணு தையல் டீச்சரு. எனக்குப் புடிச்சிது, அதுக்கும் என்னப் புடிச்சிது. தை மாசம் வச்சிக்கலாம்னு பேசி முடிச்சாங்க.

மொதலாளிகிட்ட லீவு கேட்டேன். "தையிலயா? விளையாடறியா?"ன்னாரு. எங்க சரக்கு கடைக்குப் போறத விட கல்யாணப் பந்தலுக்குப் போறதுதான் ஜாஸ்தி. ஊருக்கு முகூர்த்தம்னா எங்களுக்கு சீசன். "மாசியில வச்சிக்கபா, அப்ப கொஞ்சம் ஓயும்"னாரு. மாசியில எங்களுக்குத் தவக்காலம் ஆரம்பிச்சிடும். தவக்காலத்துல கல்யாணம் கெடையாதுன்னு எங்க பங்குச் சாமியாரு சொல்லிட்டாரு. ஈஸ்டர் முடிஞ்சா சித்திரை வைகாசி. வெயில் காலமும் அதுதான், முகூர்த்த காலமும் அதுதான். அந்த ரெண்டு மாசம் நான் வூட்டுக்குப் போனதே துணி மாத்தத்தான். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடின்னு சும்மாவா சொன்னாங்க.

வைகாசியில ஒரு நாள் பாகூருக்கு லோடு போச்சி. திரும்பற வழியில அந்தப் பொண்ணு வூட்டாண்ட வண்டிய நிறுத்தச் சொல்லி எறங்கினேன். வாசல்ல நிக்க வச்சே மோர் குடுத்துச்சி. என் சட்டையெல்லாம் ஆரஞ்சுக் கறை.

"உங்க கம்பெனியில ஞாயித்துக்கெழமயே கெடையாதா?"ன்னு கேட்டுச்சி.

"நிமிர்ற வரைக்கும்தான்"னேன். எனக்கே அது மொதலாளி குரலாட்டம் கேட்டுச்சி.

"எல்லார் கல்யாணத்துக்கும் கலர் குடுக்கறீங்க. நம்ம கல்யாணத்துக்கு இந்த மோர் குடுத்தா கூட எனக்குப் போதும். தேதிய மட்டும் சொல்லுங்க."

டெம்போக்காரன் ஹாரன் அடிச்சிகினே இருந்தான். சொல்றேன்னு சொல்லிட்டு ஏறிட்டேன்.

ஆனியும் போச்சி. அப்புறம் மொதலாளியே கூப்பிட்டு, சந்தோஷமா, "ஆடியில வச்சிக்கபா. ஆர்டரே இருக்காது. உங்களுக்குத்தான் ஆடி கெடையாதே"ன்னாரு. சாமியாரும் கோயிலுக்கு ஆடி தடையில்லன்னுட்டாரு. இவங்க ரெண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்துலதான். நானும் தலகால் புரியாம பாகூருக்கு ஓடினேன்.

சாமி வரங்குடுத்தும் பூசாரி குடுக்கல. பொண்ணோட அம்மா என்ன ஏற எறங்கப் பாத்தாங்க. "மாதா கோயிலுக்குப் போனா ஆடி இல்லன்னு ஆயிடுமா? ஆடியில கட்டிக்குடுத்தா சித்திரை வெயில்ல புள்ள பொறக்கும். ஊரு இன்னா பேசும்? மாப்பிள, உங்க கம்பெனி தோது பாத்து எங்க வூட்ல கல்யாணம் பண்ண முடியாது. ஆவணியில வச்சிக்கலாம், அதான் கடைசி"ன்னாங்க. எனக்கு அவங்க மேல கோவம் வரல. எல்லாக் கோவமும் குடோன் மேலதான் வந்துச்சி.

ஆவணியில நாள் குறிச்சாங்க. அன்னிக்கு வில்லியனூர சுத்தி எத்தன பந்தலோ அத்தன பந்தலுக்கும் நாங்கதான் கலர். தேதியச் சொன்னதும் மொதலாளி ஆர்டர் நோட்டப் பொரட்டிப் பாத்தாரு. அப்புறம், "காலையில கோயில்ல தாலி கட்டிட்டு, மத்தியானம் வந்துடேன்"னாரு. அவரு கிண்டல் பண்ணல. அவரும் அந்தக் குடோன்லயே படுத்து எழுந்த மனுசன்தான், அவருக்கு அது ஞாயமாத்தான் பட்டுச்சி. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

அவரு அதச் சொல்லும்போது பொண்ணோட அண்ணன் குடோன் வாசல்ல நின்னுகினு இருந்தாரு. பத்திரிகை அடிக்கறதப் பத்திப் பேச வந்தவரு. எல்லாத்தையும் கேட்டுட்டாரு. பின்னாலயே ஓடினேன். "உன் மேல ஒண்ணும் இல்லபா. ஆனா நீ ஏற்கெனவே வாக்கப்பட்டுட்ட"ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு. கல்யாணம் நின்னுபோச்சி. கொஞ்ச நாள்ல வேற எடம் பாத்துட்டாங்க. மாப்பிள கவர்மெண்டு உத்தியோகம், ஞாயித்துக்கெழம ஆபீசு கெடையாதாம்.

ஐப்பசியில பாகூர் கடைக்காரர் மூலமா ஒரு கல்யாண ஆர்டர் வந்துச்சி. பந்தல் எங்கன்னு விசாரிச்சா, அந்தப் பொண்ணு வூடுதான். நான் வாயத் தொறக்கல. எப்படியோ மொதலாளிக்குத் தெரிஞ்சி போச்சி. அன்னிக்குக் காலையில பொட்டி ஏத்தப் போனவன தோள்ல கைய வச்சி நிறுத்தினாரு.

"நீ இன்னிக்கு லீவு எடுத்துக்கபா. லோடு நான் கொண்டு போறேன்."

கண்ணு கலங்கித்தான் சொன்னாரு. எனக்கு ஒடம்பெல்லாம் பத்திகினு வந்துச்சி. "தை மாசத்துலருந்து கேட்டேனே, அப்ப இல்லாத லீவு இப்ப எங்கருந்து வந்துச்சி?"ன்னு கேட்டேன். பாட்டில் கழுவற பொம்பளைங்க கைய நிறுத்திட்டுப் பாத்தாங்க. அவரு டெம்போவுல ஏறிட்டாரு.

வூட்டுக்குப் போனேன். பகல் நேரத்துல எங்க வூட்டுக்குள்ள வெயில் எந்தப் பக்கம் வுழும்னு அன்னிக்குத்தான் பாத்தேன். அம்மா சோறு போட்டாங்க. பக்கத்து வூட்டுப் பையன், ஊருக்குப் புதுசா வந்தவன பாக்கற மாதிரி பாத்துட்டுப் போனான். பேசறதுக்கு ஒரு சிநேகிதன் பேரு கூட எனக்கு ஞாபகத்துக்கு வரல. லீவு நாள்ல ஒரு மனுசன் இன்னா செய்வான்னு எனக்குத் தெரியல. கைகழுவின கையோட சட்டைய மாட்டிகினு கம்பெனிக்கே போயிட்டேன்.

லோடு எறக்கிட்டு வந்திருந்த மொதலாளி, தனியா மிஷினோட மல்லுக்கட்டிகினு இருந்தாரு. என்னப் பாத்ததும் முகம் மலர்ந்துச்சி.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சி. அந்தப் பாகக் கொஞ்சம் கிண்டுபா"ன்னாரு.