வெள்ளை நூல்

நல்லூர்ப் பனியன் கம்பெனிக் குடோனில் வெள்ளை நூல் கோன்களை நடைவழியிலேயே அடுக்கியிருக்கிறார்கள். சுற்றிக்கொண்டு போகலாம். என் கால்தான் கேட்கமாட்டேன் என்கிறது.

எண்பதுகளில் மண்ணரையில் அப்பா நான்கு நிட்டிங் மிஷின் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தடை தாண்டும் ஓட்டம் பழக, கோன்களை இரண்டு அடுக்காக நிறுத்தி மேலே ஒரு குச்சியை வைப்பார்.

"நூல்ல கால் பட்றக் கூடாது கண்ணு. அழுக்கானா துணி வாங்கற பார்ட்டி எடுக்க மாட்டாங்க."

அந்தப் பயத்தில் ஒரு சாண் கூடுதலாகவே தாண்டினேன். மாவட்டப் போட்டியில் மற்றவர்கள் தரையில் ஓட, நான் அந்தரத்தில் இருந்தேன். நான்காவது இடம்.

"ஏம்மா, தடைக்கு மேல இன்னொரு தடை இருக்குதா?" என்றார் விளையாட்டு டீச்சர்.

அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கறுப்பு நூலை அடுக்கினார். "ஒதைச்சுத் தள்ளீட்டுப் போ கண்ணு."

அதன்பின் மூன்று வருடம் மாநிலத் தங்கத்தை யாருக்கும் விடவில்லை. ஆனால் தேசிய இறுதி ஓட்டத்தில் புதுத் தடைகள், பளிச்சென்ற வெள்ளை. முதல் தடையிலேயே கால் தானாக ஒரு சாண் உயர்ந்தது. கடைசியாக வந்தேன்.

இப்போது செருப்புக் காலால் ஒரு கோனை உதைத்தேன்.

"அக்கா, நூல் அழுக்காயிருச்சுங்க!" என்று பதறினாள் குடோன் பெண்.

இரண்டாவதையும் உதைத்தேன்.