பேச்சியம்மாள் கொடுக்காத பட்டியல்

பேச்சியம்மாள் இறந்த செய்தி எங்கள் கல்லூரித் தோழிகளின் செல்போன் குழுவில் வந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, அலுவலகத்தில் ஒரு கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மாலை போட்ட படம் ஒன்று. சிறுநீரகக் கோளாறு முற்றி, மதுரை ஆஸ்பத்திரியில் காலையில் முடிந்துவிட்டது என்று கீழே ஒரு வரி. எனக்கு முன்னால் ஆறு பேர் கும்பிட்ட கைப் படம் போட்டிருந்தார்கள். ஏழாவதாக நானும் ஒன்று போட்டுவிட்டுக் கோப்புக்குத் திரும்பினேன். இரண்டு பக்கம் புரட்டியும் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

அவள் நினைவாகச் சின்னதாக ஒரு மலர் போடுகிறோம், நீதானே அவளோடு ஒட்டிக்கொண்டு திரிந்தவள், நல்லதாக நாலு பக்கம் எழுதிக் கொடு ஜெயா என்று தோழிகள் கேட்டார்கள். அவளைப் பற்றி நல்லதாகத்தான் எழுதப் போகிறேன். என்னைப் பற்றி நல்லதாக எழுத ஒன்றும் இல்லை. படித்து முடித்தபின் இதை மலரில் போடலாமா வேண்டாமா என்று உங்களுக்குள் பேசிக்கொள்வீர்கள். போடுங்கள்.

போடியில் நாங்கள் பொது நிர்வாகம் படித்தது உங்களுக்குத் தெரியும். நான் கீழே வயலும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டுப் பெண். மகள் ஆபீசராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பேச்சியின் அம்மா வீராயி, தினமும் ஜீப் ஏறி மலைமேட்டைத் தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறவர். விடுமுறை என்றால் பேச்சியும் போவாள். ஒருநாள் வகுப்பில் அதிகாரப் பகிர்வுக்கு உதாரணம் கேட்டார் பேராசிரியர். பேச்சி எழுந்தாள். "எங்க தோட்டத்துல மொதலாளி கங்காணிகிட்ட சொல்வாரு சார். கங்காணி எங்காத்தாகிட்ட சொல்வாரு. ஆத்தா எங்கிட்ட சொல்லும். எனக்குக் கீழ ஆளில்ல. அதனால வேலைய நாந்தேன் பாக்கணும்." பேராசிரியர் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை அப்படியே கரும்பலகையில் எழுதினார். பரீட்சையில் பாதி வகுப்பு அந்த உதாரணத்தைத்தான் எழுதியது.

இரண்டாம் ஆண்டில் சமூகப் பணி என்று ஒரு தாள். வெளியே போய் ஏதாவது செய்து அறிக்கை எழுத வேண்டும். மற்றவர்கள் மரக்கன்று நட்டார்கள், கோயில் தெப்பக்குளத்தைக் கூட்டினார்கள். பேச்சி என்னை ஜீப் நிற்கும் இடத்துக்கு இழுத்துப் போனாள். விடிவதற்குள் பெண்கள் தூக்குச்சட்டியோடு அங்கே நிற்பார்கள். உள்ளே ஒருவர் மடியில் ஒருவர், பின்படியில் தொங்கிக்கொண்டு இரண்டு பேர் என்று ஜீப் மலையேறும். அதற்கு முந்தின மாதம்தான் ஒரு வளைவில் பின்கதவு திறந்து, ஒரு பெண் விழுந்து தோள்பட்டை முறிந்திருந்தது. "காலையில ஒரு பஸ்சு விட்டாப் போதும் ஜெயா. வேற ஒண்ணும் கேக்க வேணாம். அத மட்டும் மனுவா எழுதுவோம்" என்றாள்.

ஐந்து நாள் போனோம். பெண்கள் முதலில் பேசவே இல்லை. ஜீப் எல்லாம் கங்காணிமார் பிடித்து விடுவது. ஜீப்பைக் குறை சொன்னால் வேலை போகும். முத்துப்பிள்ளை என்ற அக்காதான் முதலில் பெயர் கொடுத்தார். கொடுக்கும்போதே கேட்டார், "இத யாருக்கும் காட்டிற மாட்டீகளே?" பேச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த நோட்டு எத்தன பேருன்னு கணக்குக்குத்தேன், எங்க கையவிட்டுப் போகாதுக்கா. மனு எங்க ரெண்டு பேரு பேருலதேன் போகும்" என்றாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் பெயர் சொன்னார்கள், கைநாட்டு வைத்தார்கள். வீராயி அம்மாளும் வைத்தார். திரும்பி நடக்கையில் பேச்சி என்னிடம் தனியாகச் சொன்னாள். "அறிக்கையில எத்தன பேருன்னு மட்டும் எழுது. பட்டியல வெளிய விட்டா நாளைக்கு எங்காத்தாளுக்கு ஜீப்புல எடமில்ல."

மனுவை நான்தான் சுத்தப் பிரதி எடுத்தேன். என் கையெழுத்து அழகு என்று எனக்கு ஒரு மிதப்பு. ஆதாரம் இல்லாத மனுவுக்கு எடை இல்லை என்று பாடத்தில் படித்திருந்தேன். சிறந்த அறிக்கைக்குப் பரிசு வேறு உண்டு. பெயர்களை வரிசை எண் போட்டு எழுதி, கைநாட்டுப் பக்கங்களை நகல் எடுத்து, மனுவின் பின்னால் குத்தி, 'இணைப்பு: பட்டியல்' என்று அடியில் கோடிட்டு எழுதி அனுப்பினேன். பேச்சியிடம் சொல்ல மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், அதனால் சொல்லவில்லை.

மனு மேலே போகும், பதில் தேடிக் கீழே வரும், வரும்போது இணைப்போடு வரும். இதைப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். அந்த மனு எந்தெந்த மேசையில் இறங்கியதோ, யார் எடுத்துக் கொடுத்தார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு நாள் விடியற்காலை நாங்கள் போனபோது கங்காணி ஒருவர் கையில் என் பட்டியலின் நகல் இருந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து, "பேரு கூப்புடுறேன். கூப்புட்டவுக எறங்கிக்கிருங்க. ஒங்களுக்கு பஸ்சு வரும், அதுல வாங்க" என்றார். சத்தமே போடவில்லை. முதல் பெயர் முத்துப்பிள்ளை. மூன்றாவது வீராயி.

ஜீப்புகள் போன பிறகு இறங்கிய பெண்கள் எங்களைச் சுற்றி நின்றார்கள். முத்துப்பிள்ளை அக்கா கேட்டார். "நோட்டு கையவிட்டுப் போகாதுன்னீகளே. பெறகு எப்படித்தா போச்சு? யாரு குடுத்தது?" நான் தார் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சி என்னை ஒரு தரம் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "நாந்தேன் குடுத்தேன்" என்றாள். அத்தனை பேர் முன்னாலும் வீராயி அம்மாள் அவளை ஓங்கி அறைந்தார்.

கல்லூரிக்கு நடந்து போகும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நீ சொல்லியிருந்தா அழுதிருப்ப. வேல போன பொம்பளைக ஒன்னையத் தேத்திக்கிட்டு நிக்கணும். அவுகளுக்கு வேற சோலி இல்லையா?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நாலு அறை அறைந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அந்த அறிக்கைக்கு முதல் பரிசு கிடைத்தது. மேடையேறி வாங்கினேன். கீழே அவளும் கைதட்டினாள்.

அந்தக் காய்ப் பருவம் முழுக்க அந்தப் பெண்களுக்கு ஜீப் நிற்கவில்லை. சிலர் ஊருக்குள் காய் தரம் பிரிக்கும் கடைகளில் குறைந்த கூலிக்கு உட்கார்ந்தார்கள். சிலர் குரங்கணிப் பக்கம் வேலை தேடிப் போனார்கள். பஸ்சும் வரவில்லை. பேச்சிக்கு அந்தத் தெருவில் பட்டியல் கொடுத்தவள் என்பதால் 'பட்டியக்காரி' என்று பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. படித்து முடித்ததும் நான் பரீட்சை எழுதி அரசு வேலைக்கு வந்துவிட்டேன். அவள் அதே தெருவில் இருந்துகொண்டு, தன்னைப் பட்டியக்காரி என்றவர்களுக்கே முதியோர் பென்சன் மனுவும் ரேஷன் கார்டு மனுவும் எழுதிக் கொடுத்தாள். எழுதியதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துக் காட்டி, "இதுல ஒங்க பேரு இருக்கு, போகலாமா?" என்று கேட்ட பிறகுதான் கைநாட்டு வாங்குவாளாம்.

ஒருமுறை அப்படி ஒரு மனுவோடு என் அலுவலகத்துக்கே வந்தாள். ஒரு பாட்டியைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். முறை வந்ததும் மனுவை நீட்டி, "இணைப்பு ஒண்ணும் வைக்கல, மேடம்" என்றாள். உதட்டோரம் சிரிப்பு. பக்கத்தில் உதவியாளர் இருந்தார். உட்கார் பேச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'மேடம்' என்று அவள் சொன்னதையும் அப்படியே விட்டுவிட்டேன். சீல் வைத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள். வெட்கங்கெட்ட ஜென்மம் நான்.

துக்கத்துக்குப் போனேன். முத்துப்பிள்ளை அக்கா தலை நரைத்து வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டார். "என்னமோ ஒரு தடவ எங்க பேரக் குடுத்துட்டா. அது ஒண்ணுதேன் அவகிட்டக் கொற. மத்தபடி தங்கமான புள்ள" என்று அழுதார். கொடுத்தது நான் என்று சொல்ல அதுதான் நேரம். வீராயி அம்மாள் நாலடி தள்ளித்தான் இருந்தார். சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை.

இந்த மலர் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போகாது என்பதால், எழுத உட்காரும் முன் நானே அங்கே போனேன். முத்துப்பிள்ளை அக்கா இந்த வயதிலும் வேலைக்குப் போகிறார். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். பாதிப் பேருக்கு நான் யாரென்றே தெரியாது. அந்தப் பட்டியலைக் கொடுத்தது பேச்சி இல்லை, நான் என்று சொன்னேன். அழவில்லை. அதை மட்டும் செய்யக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு போயிருந்தேன். முத்துப்பிள்ளை அக்காதான், "இத அவ இருக்கயில வந்து சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஜீப் வந்தது. ஏறிக்கொண்டார்கள். அங்கிருந்து வீராயி அம்மாள் வீட்டுக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மகளை அறைந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளிடமிருந்து நீங்கள் ஒவ்வொருவரும் எதை வைத்திருக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னீர்கள். நான் வைத்திருந்தது அவளுடைய நல்ல பெயரை. அவள் உயிரோடு இருந்தவரைக்கும் நான்தான் வைத்திருந்தேன்.